மாத்திரையைத் தூளாக்கும் பையில் ஓட்டை விழுகிறது: தடிமனைக் கூட்டினால் போதுமா?

கேள்வி: நெம்புகோல்

வணக்கம். பக்கவாதத்துக்குப் பிறகு என் தந்தையால் மாத்திரைகளை முழுதாக விழுங்க முடிவதில்லை. தூளாக்கலாம் என்று மருந்தாளுநர் ஒப்புக்கொண்டவற்றை மட்டும் பொடித்து, தண்ணீரில் கலந்து, மூக்குவழிக் குழாயில் செலுத்திவருகிறோம். தொடக்கத்தில் பீங்கான் கல்வத்தில் அரைத்தோம். ஒவ்வொரு மாத்திரைக்கும் கல்வத்தையும் குழவியையும் கழுவித் துடைத்து உலர்த்துவது நாளில் பலமுறை என்றாகிவிட்டதால், மாத்திரையைச் சிறு பிளாஸ்டிக் பையிலிட்டு, நெம்புகோல் அழுத்தியின் இரு தட்டுகளுக்கிடையே வைத்து நசுக்கும் முறைக்கு மாறினோம். நான் இயந்திரப் பாகங்களை வடிவமைப்பவன் என்பதால், இந்தப் பையையும் நானே உறுதியாக வடிவமைத்துவிடலாம் என்று துணிந்து இறங்கினேன். பையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பது அதன் பிறகுதான் புரிந்தது.

இப்போது நான் பயன்படுத்துவது 50 மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) எல்.டி.பி.இ., அதாவது குறைந்த அடர்த்திப் பாலித்தீன், படலத்தில் 60 மி.மீ. அகலமும் 100 மி.மீ. நீளமும் கொண்ட பை. மூன்று பக்கமும் வெப்ப ஒட்டு. வாயில் அழுத்தி மூடும் ஜிப். அழுத்தியின் மேல்தட்டில் குறுக்காக வரிவரியான மேடுகள் உள்ளன. குறைகள் மூன்று. முதலாவது, மாத்திரையின் விளிம்பு பதிந்த இடத்தில் ஊசித்துளைகள் விழுகின்றன. சென்ற வாரம் பைக்குள் 10 மில்லி தண்ணீர் விட்டுக் குலுக்கியபோது, அடிப்பக்கத்தில் வியர்வை அரும்புவதுபோல் ஒரு வெண்துளி அரும்பி, சொட்டாகி, மேசையில் விழுந்த பிறகுதான் துளை இருப்பதே தெரிந்தது. எத்தனை மில்லிகிராம் மருந்து வீணாயிற்று என்று கணக்கிட வழியில்லை. இன்னொரு மாத்திரையைக் கொடுக்கவும் துணிவில்லை. இரண்டாவது, சில பைகள் அடிமூலையில் ஒட்டு பிரிந்து விடுகின்றன. மூன்றாவது, தூள் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, எவ்வளவு தட்டினாலும் இறங்க மறுக்கிறது.

தடிமனை 100 மைக்ரானாக உயர்த்தினால் இவை தீருமா? அல்லது கனமான சிலிக்கோனில் ஒரே பையைச் செய்து, கழுவிக் கழுவி மாதக்கணக்கில் பயன்படுத்துவது நல்லதா? துறை அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பதில் 1: படலத்தொழில்

பாலித்தீன் படலம் ஊதும் தொழிலில் நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். தடிமனைக் கூட்டுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி; உங்கள் நிலைமையில் அது கடைசியாகச் செய்ய வேண்டியது.

முதலில் விசையைக் கணக்கிடுங்கள். உங்கள் நெம்புகோல் கைவிசையை எட்டு மடங்காக்குகிறது என்றும், கைப்பிடியில் 60 நியூட்டன் தருகிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். தட்டில் 480 நியூட்டன் இறங்குகிறது. அது முழுவதும் மேட்டின் விளிம்புக்கும் மாத்திரையின் விளிம்புக்கும் இடையே 4 சதுர மி.மீ. பரப்பில் விழுந்தால், அழுத்தம் 120 மெகாபாஸ்கல். சாதாரண எல்.டி.பி.இ. ஏறத்தாழ 10 மெகாபாஸ்கலிலேயே நிரந்தரமாக நெளியத் தொடங்கிவிடும். அந்த இடத்தில் படலம் 50 மைக்ரானோ 100 மைக்ரானோ, மேலே வரும் அழுத்தம் அதேதான். தடிமன் கூடினால் கிழிவதற்கு முன் இழுபட இன்னும் கொஞ்சம் பொருள் இருக்கும், அவ்வளவுதான். மேட்டின் முனையை உருட்டி மழுக்குங்கள். இது காசு செலவில்லாத திருத்தம். அரத்தாளால் கால் மணி நேர வேலை.

அடுத்தது நசுக்கும் விதம். பூச்சில்லாத சாதாரண மாத்திரைகள் பல, விட்டத்தின் வழியே அழுத்தினால் 100 நியூட்டனுக்குள்ளேயே பிளந்துவிடும்; பெரியவையும் பூச்சுள்ளவையும் அதற்கு மேல் கேட்கும். பிளந்த பின்னும் 480 நியூட்டனோடு நீங்கள் தொடர்ந்து அழுத்தும்போது, மிஞ்சிய விசை எல்லாம் படலத்தின்மேல்தான் வேலை செய்கிறது. இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள்: மாத்திரை உருவானதே தூளை அழுத்தியதால்தான். தட்டையாக வைத்து ஓங்கி அழுத்திக்கொண்டே போனால், உடைந்த தூள் மறுபடியும் இறுகி மெல்லிய வில்லையாகிவிடும், அதை உடைக்க இன்னும் பலமாக அழுத்துவீர்கள், பை கிழியும். ஆகவே மெதுவாக ஒருமுறை அழுத்திப் பிளந்து, விட்டு, பையைத் தட்டித் துண்டுகளைப் பரப்பி, மீண்டும் அழுத்தி, கடைசியில் பைக்கு வெளியிலிருந்து ஓர் உருளையான பொருளால் உரசித் தேய்க்க வேண்டும். நுண்தூள் தேய்ப்பதால்தான் வருகிறது. கல்வத்தில் குழவியைச் சுழற்றுகிறோமே தவிர இடித்துக்கொண்டே இருப்பதில்லை, அதே காரணம்தான்.

இனி படலம். தடிமனை மாற்றாமலேயே எல்.டி.பி.இ.யிலிருந்து, நேர்ச்சங்கிலி வகைக் குறைந்த அடர்த்திப் பாலித்தீனான எல்.எல்.டி.பி.இ.க்கு மாறிப் பாருங்கள். துளைபடுதலையும் கிழிதலையும் அது நன்கு தாங்கும். கூரான பொருளின்மேல் அறுந்துபோகாமல் நீண்டு வளைந்து கொடுக்கும். அதுவும் போதாவிட்டால், வெளியே நைலானும் உள்ளே பாலித்தீனும் சேர்த்து ஊதிய கூட்டுப்படலம் இருக்கிறது. எலும்போடு கூடிய இறைச்சியை வெற்றிடத்தில் அடைக்கும் பைகள் பல இந்த வகைதான். எலும்பு முனையைத் தாங்குவது மாத்திரை விளிம்பையும் பெரும்பாலும் தாங்கும். நைலான் துளையைத் தடுக்கிறது. பாலித்தீன் ஒட்டைத் தருகிறது. காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது உறிஞ்சிய நைலான்தான் வளைந்து கொடுக்கும் என்பதால், மிக வறண்ட சூழலில் நெடுநாள் வைத்த பை சற்று விறைத்திருக்கும். இருவகைப் பிளாஸ்டிக் சேர்ந்திருப்பதால் மறுசுழற்சிக்கு எளிதில் போகாது என்ற குறையும் உண்டு. பாலிபுரோப்பிலீன், பாலியெஸ்டர் ஆகியவற்றின் பளபளப்பைக் கண்டு மயங்க வேண்டாம். இருபுறமும் இழுத்துத் தயாரித்த அவ்வகைப் படலம் இழுவிசையை நன்றாகத் தாங்கும். ஓரிடத்தில் சிறு வெட்டு விழுந்துவிட்டாலோ, பொட்டலம் பிரிப்பதுபோல் ஒரே மூச்சில் கிழிந்துகொண்டு போகும்.

ஒட்டு பிரிவதற்குக் காரணம் பெரும்பாலும் மாத்திரை அல்ல, காற்று. ஜிப்பை மூடியபோது உள்ளே நின்ற காற்றுக்குப் போக்கிடமில்லை. தட்டு இறங்கும்போது அது ஒட்டின் உள்விளிம்பை உரிக்கப் பார்க்கிறது. செங்கோணமாக உள்ள மூலையில் விசை குவிந்து முதலில் அங்கே பிரிகிறது. சூடான கத்தியால் வெட்டும்போதே ஒட்டும் பக்க ஒட்டாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். உருகி மணிபோல் திரண்டு கெட்டியான ஓரத்துக்கு அருகே படலம் மெலிந்து நிற்கும். பட்டையான ஒட்டு, குறைந்தது 5 மி.மீ. அகலம், உள்மூலைகள் வளைவாக இருக்க வேண்டும். அதைவிட நல்ல வழி, குழல்வடிவிலேயே ஊதிய படலத்தை வாங்கி, பக்க ஒட்டே இல்லாமல் அடியில் மட்டும் பிறைவடிவில் ஒட்டுவது. மூலை இல்லாத இடத்தில் தூளும் ஒளியாது.

ஜிப்பை நீக்கிவிடுங்கள். அதன் வரிப்பள்ளத்தில் தூள் புகுந்தால் மீட்க முடியாது. பையை 100க்குப் பதில் 140 மி.மீ. நீளமாக்கி, உள்ளங்கையால் அடியிலிருந்து மேலாகத் தடவிக் காற்றை வெளியேற்றி, வாயை மூன்று மடிப்பு மடித்து, மடிப்பு தட்டுக்கு வெளியே நிற்குமாறு வையுங்கள். காற்று போகட்டும் என்று வாயை அப்படியே திறந்து வைத்தாலோ, காற்றோடு சேர்ந்து நுண்தூளும் புகையாகக் கிளம்பும்.

பதில் 2: மருந்தாளுநர்

வடிவமைப்பைப் பற்றி மேலே எழுதியிருப்பவர் நன்றாகவே சொல்லிவிட்டார். நான் மருந்தின் பக்கத்திலிருந்து மட்டும் பேசுகிறேன்.

சிலிக்கோன் பையைக் கழுவிக் கழுவிப் பயன்படுத்தும் எண்ணத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். ஒரு மருந்தின் எச்சம் அடுத்த மருந்தோடு சேர்வது மட்டும் இதற்குக் காரணமன்று. சிலிக்கோனில் ஒரு சிறு கீறல் விழுந்தால் அது கீறலாகவே நிற்காமல் வளர்ந்துகொண்டு போகும், அந்தப் பிளவுக்குள் தூள் தங்கும், ஈரமும் தங்கும். குழாய்வழி கொடுக்கும்போது மருந்துகளை ஒன்றாகக் கலக்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனியே கொடுத்து, இடையில் தண்ணீர் செலுத்துவதே முறை. அப்படியானால் மருந்துக்கு ஒரு பை, ஒரு வேளைக்கு ஒரு பை என்றுதான் ஆகும். உங்கள் பை ஒரே ஒரு முறை, ஒரே ஒரு மாத்திரையைத் தாங்கினால் போதும். ஆனால் அந்த ஒரு முறையில் தவறவே கூடாது.

பையில் தங்கும் தூளை நீங்கள் மூன்றாவது குறையாக எழுதியிருக்கிறீர்கள். நானாக இருந்தால் அதைத்தான் முதலில் எழுதியிருப்பேன். துளை கண்ணுக்குத் தெரிகிறது; இது தெரிவதில்லை. பாராசிட்டமால் போன்ற 500 மில்லிகிராம் மாத்திரையில் 10 மில்லிகிராம் தூள் சுவரில் தங்கினால் பெரிய மாற்றமில்லை. இதய மருந்தான டிகாக்சின் மாத்திரையில் மருந்தின் அளவே 62.5, 125, 250 மைக்ரோகிராம் என்றுதான் இருக்கும்; மீதி எல்லாம் நிரப்புப்பொருள். மாத்திரையின் மொத்த எடை 100 மில்லிகிராம் என்று கொண்டால், அதே 10 மில்லிகிராம் தூள் தங்கும்போது நோயாளிக்குப் பத்தில் ஒரு பங்கு மருந்து குறைகிறது. டிகாக்சின், வார்ஃபரின், லெவோதைராக்சின் போன்றவற்றில் அளவு சற்றே கூடினாலும் குறைந்தாலும் விளைவு மாறும். எனவே பையின் உறுதியைச் சோதிக்கும்போதே, அதிலிருந்து எவ்வளவு தூள் திரும்பக் கிடைக்கிறது என்பதையும் 1 மில்லிகிராம் வரை காட்டும் தராசில் எடைபோட்டுப் பாருங்கள். குழாய்வழி கொடுப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு: தூளைக் கொட்ட வேண்டியதே இல்லை. பைக்குள்ளேயே தண்ணீர் விட்டு, குலுக்கி, ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி, மறுபடி கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் உறிஞ்சிக்கொள்ளலாம். பை கசியாதிருப்பது இதனால் இரட்டிப்பு முக்கியமாகிறது.

தூள் ஒட்டுவது பெரும்பாலும் நிலைமின்னால். அதைத் தடுக்கும் சேர்ப்புப்பொருள் கலந்த படலங்கள் உண்டு. அந்தப் பொருள் மெல்ல மேற்பரப்புக்கு ஊறிவந்து, காற்றின் ஈரத்தைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்யும். மேற்பரப்பில் இருப்பது தூளிலும் ஒட்டும். வழுக்கலுக்காகச் சேர்க்கும் எருகமைடுக்கும் இதே கதைதான். ஆகவே உணவைத் தொட ஒப்புதல் பெற்ற தரம்தானா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இவ்வகைச் சேர்ப்பு இல்லாத படலம் கிடைத்தால் அதையே எடுங்கள்.

நீங்கள் ஒப்புதல் பெற்றுத்தான் செய்கிறீர்கள் என்றாலும், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்றை எழுதியாக வேண்டும். எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர். என்ற எழுத்துகளோடு வரும் மாத்திரைகள் மருந்தை மணிக்கணக்கில் மெல்ல விடுவிப்பவை. தூளாக்கினால் நாள் முழுவதற்குமான அளவு ஒரேயடியாக இறங்கிவிடும். மெல்ல விடுவிக்கும் நிஃபெடிபின் போன்றவற்றில் இரத்த அழுத்தம் சட்டென விழும். மார்ஃபினில் உயிருக்கே ஆபத்து. குடலில் கரையுமாறு பூச்சிட்டவற்றைப் பொடித்தால், பான்டோபிரசோல் போன்ற மருந்துகள் இரைப்பை அமிலத்திலேயே கெட்டுவிடும். மெத்தோட்ரெக்சேட் போன்றவற்றின் தூள் பொடிப்பவருக்கே தீங்கு. ஃபினாஸ்டரைடு மாத்திரையின் தூளைக் கருவுற்ற பெண்கள் தொடவே கூடாது. இவற்றுக்கெல்லாம் உறுதியான பையைத் தேடுவதை விட்டுவிட்டு, திரவ வடிவமோ மாற்று மருந்தோ உண்டா என்று கேட்பதுதான் வழி. பையின் மேல் அச்சிட இடமிருந்தால், "மருந்தாளுநரைக் கேட்காமல் பொடிக்க வேண்டாம்" என்ற ஒரு வரியை வெளிப்புறத்தில் அச்சிடுங்கள். மை உட்புறம் படக்கூடாது.

பதில் 3: இரவுப்பணி

நான் முதியோர் பராமரிப்பில் இருக்கும் செவிலியர். வடிவமைப்பாளர்கள் பலர் மறந்துவிடும் ஒன்றைச் சொல்கிறேன். பை கிழிவதற்கு முன், அதைத் திறக்கவே முடியாமல் நான் பட்ட பாடு அதிகம். கையுறையணிந்த விரலால், மங்கலான இரவு விளக்கில், ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும் இரு பிளாஸ்டிக் ஓரங்களைப் பிரிப்பது எளிதன்று. ஒரு பக்க ஓரத்தை மறுபக்கத்தைவிட 8 அல்லது 10 மி.மீ. நீட்டிவிடுங்கள்; கட்டைவிரல் தானாக அதில் போய் நிற்கும். கூட்டுப்படலம் விறைப்பாக இருந்தால் கசங்கும்போது எழும் சத்தத்தில் உறங்குபவர் விழித்துக்கொள்வார் என்பதையும் நினைவில் வையுங்கள். பை தெளிவாக உள்ளே தெரிய வேண்டும். பொடித்த பிறகு நான் அதை ஒரு கருநிறத் துணியின்மேல் பிடித்துப் பார்ப்பேன்; வெள்ளைத் தூளும், பொடியாமல் மிஞ்சிய பூச்சுத் துணுக்குகளும் அப்போது பளிச்சென்று தெரியும். குழாயை அடைப்பவை பெரும்பாலும் அந்தத் துணுக்குகள்தான்.

நெம்புகோல்

மூவருக்கும் நன்றி. மருந்தாளுநர் ஐயா சொன்னதைப் படித்த பிறகு சிலிக்கோனை விட்டுவிட்டேன். ஆனால் அதிலிருந்து வேறொரு எண்ணம் பிறந்தது. அடியைத் தாங்கும் வேலையையும் தூளைத் தூய்மையாக வைத்திருக்கும் வேலையையும் ஒரே படலத்தின் தலையில் ஏன் சுமத்த வேண்டும்? உள்ளே மெல்லிய, ஒருமுறை மட்டும் பயன்படும் எல்.எல்.டி.பி.இ. குழல்பை, வெளியே 1 மி.மீ. தடிமனுள்ள டி.பி.யு. (ரப்பர்போல் வளையும் பாலியூரித்தேன் பிளாஸ்டிக்) தகட்டில் புத்தக அட்டைபோல் மடியும் உறை. மேடுகளின் கடியை உறை வாங்கிக்கொள்ளும். மருந்து உறையைத் தொடாது. உறை எத்தனை நாள் உழைத்தாலும் தடையில்லை. இதில் நான் கவனிக்காத பிழை உண்டா?

படலத்தொழில்

நல்ல எண்ணம், நான் சொல்லியிருக்க வேண்டியதை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். உறையின் மென்மையில் மட்டும் கவனம் வேண்டும். மிக மென்மையாக இருந்தால், மாத்திரை உடையாமல் மெத்தைக்குள் புதைவதுபோல் உறைக்குள் புதையும். உள்ளிருக்கும் மெல்லிய பையும் அந்தக் குழிக்குள் இழுபட்டு மெலியும். மிகக் கடினமாக இருந்தால் பழையபடி இரும்புத் தட்டில் வைத்த கதைதான். டி.பி.யு. தகடுகள், கடினத்தைக் குறிக்கும் ஷோர் ஏ அளவில் (எண் கூடினால் கடினம் கூடும்) 85 முதல் 95 வரை எளிதாகக் கிடைக்கும். 95லிருந்து தொடங்கி மென்மையை நோக்கி இறங்கிப் பாருங்கள். உறையின் உட்பரப்பு வழுவழுப்பாக இருக்கட்டும்; சொரசொரப்பு இருந்தால் தேய்க்கும்போது பையை அராவிவிடும்.

கசிவைச் சோதிக்க ஆய்வகம் தேவையில்லை. நசுக்கிய பைக்குள் உணவுச்சாயம் கரைத்த தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சேர்த்து ஊற்றி, வாயை மடித்து, வெள்ளை மைஒற்றுத்தாளின்மேல் வைத்து உள்ளங்கையால் ஒரு நிமிடம் அழுத்துங்கள். வெறும் தண்ணீர் தன் பரப்பு இழுவிசையால் நுண்துளையில் தயங்கி நிற்கும். சோப்பு சேர்ந்ததும் தயக்கம் போய்விடும். துளை இருந்தால் தாளில் புள்ளியாகத் தெரியும். அது விழும் இடத்தைக் குறித்துக்கொண்டே வந்தால், எந்த மேடு கடிக்கிறது என்பதும் விளங்கிவிடும். சோதித்த பையில் மருந்து கொடுக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. படலத்தையே ஒப்பிட வேண்டுமென்றால், எடைக்குண்டை விழவிட்டுப் பார்க்கும் ஏ.எஸ்.டி.எம். (சோதனை முறைகளை வகுக்கும் தர அமைப்பு) டி1709 அளவையும், ஒட்டின் வலிமைக்கு அதே அமைப்பின் எஃப்88 அளவையும் விற்பவரிடம் கேளுங்கள். எண்ணைச் சொல்லத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

நெம்புகோல்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். மேடுகளை மழுக்கினேன், 95 ஷோர் உறையைச் செய்தேன், உள்ளே 50 மைக்ரான் எல்.எல்.டி.பி.இ. குழல்பை, பிறைவடிவ அடி ஒட்டு, 140 மி.மீ. நீளம். தடிமனைக் கூட்டவே இல்லை. வட்ட மாத்திரைகளில் சாயச் சோதனையில் ஒரு புள்ளியும் விழவில்லை. நீள்வட்ட மாத்திரை ஒன்றை மட்டும் நிமிர்த்தி, விளிம்பு மேல்நோக்கி நிற்குமாறு வேண்டுமென்றே வைத்து நசுக்கியபோது புள்ளி விழுந்தது. மாத்திரை படுத்தே கிடக்க, உறையின் நடுவில் ஆழம் குறைந்த ஒரு குழியை அமைத்துப் பார்க்கப் போகிறேன்.

தூள் ஒட்டுவது இன்னும் தீரவில்லை. ஆனால் இருமுறை அலசி உறிஞ்சிய பிறகு பையை உலர்த்தி எடைபோட்டதில், வெறும் பையின் எடைக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு என் தராசின் கடைசி இலக்கத்தைத் தாண்டவில்லை. ஓரத்தை 10 மி.மீ. நீட்டியதை என் தாயார்தான் முதலில் கவனித்தார். கண்ணாடியைத் தேடாமலேயே பையைத் திறக்க முடிகிறது என்றார்.

மருந்தாளுநர்

குழி அமைக்கும்போது அதன் விளிம்பையும் மழுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மேட்டில் போன துளை குழியின் ஓரத்தில் வந்து நிற்கும். அலசும் தண்ணீரின் அளவையும் ஒரு தாளில் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். நீரைக் கட்டுப்படுத்த வேண்டிய நோயாளி என்றால், அந்த 20, 30 மில்லியும் நாளின் கணக்கில் சேர வேண்டும்.